தவறுவதற்கு ஆகும் செலவு



'பட்டறிந்து வழி காணுதல்' என்ற பொருளில் பேசும்படி கேட்டுக்கொண்டீர்கள். இந்தப் பொருளில் மேடையேறுகிறவர்கள் பெரும்பாலும் தோற்றுத் தோற்றுக் கடைசியில் வென்றவர்களின் கதைகளைச் சொல்வார்கள். அஞ்சாதே, முயன்று பார், விழுந்தால் எழு என்பார்கள். சொல்வதில் பொய் இல்லை. ஆனால் கேட்டுவிட்டு வீடு திரும்பும் பிள்ளையின் வீட்டில் கல்விக் கடன் இருக்கிறது. அம்மாவின் வளையல் அடகில் இருக்கிறது. அடுத்த ஆண்டு தங்கை கல்லூரிக்குப் போயாக வேண்டும். 'முயன்று பார், தவறினால் பரவாயில்லை' என்று நாம் சொல்லும்போது, தவறினால் ஆகும் செலவை யார் கட்டுவது என்று அந்தப் பிள்ளை மனத்துக்குள் கேட்டுக்கொள்கிறது. வாய்விட்டுக் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைத்தான் இன்று நான் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

கட்டடவியல் கற்பித்தே காலம் கழித்தவன் நான். அதனால் ஒரு கட்டடக் கலைஞரைக் கொண்டுதான் எனக்குப் பேச வரும். லாரி பேக்கரைப் பற்றிச் சொல்கிறேன். திருவனந்தபுரத்தில் ரயிலை விட்டு இறங்கியவர்கள் தம்பானூரில் பேருந்து நிலையத்தை ஒட்டி நிற்கும் அந்தச் செங்கல் நிறச் சுருளைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே போனால் தரை ஏறிக்கொண்டே போகும். சுவரோரமாக மேசையும் இருக்கையும் கட்டடத்தோடு கட்டடமாகவே கட்டப்பட்டிருக்கும். இந்தியன் காஃபி ஹவுஸ். அதைக் கட்டியவர் பேக்கர். அந்த மனிதர் அந்த வேலைக்கு வந்து சேர்ந்த வழி மிக நீளமானது.

1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தார். அங்கேயே கட்டடக்கலை படித்து 1937இல் முடித்தார். இருபது வயது, கையில் பட்டம், நல்ல தொழில். நம் வீடுகளில் என்றால் 'செட்டில் ஆகிவிட்டான்' என்று அன்றைக்கே இனிப்புக் கொடுத்திருப்பார்கள். இரண்டே ஆண்டில் போர் வந்தது. அவர் குவேக்கர் கிறித்தவர். ஆயுதம் எடுக்க மாட்டார். ஆயுதம் எடுக்காதவர்களுக்கென்று குவேக்கர்கள் நடத்திய மருத்துவ உதவிப் படையில் சேர்ந்து சீனாவுக்குப் போனார். அறுவைச் சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கக் கற்றுக்கொண்டார். பிறகு சீனாவின் உள்நாட்டில் தொழுநோயாளிகளிடையே வேலை செய்தார். கட்டடம் படித்தவர் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆண்டுகளில் அவரை யாராவது பார்த்திருந்தால், படிப்பு வீணாய்ப் போயிற்று என்றுதான் நினைத்திருப்பார்கள்.

ஊர் திரும்பும் வழியில் கப்பலுக்காக ஏறத்தாழ மூன்று மாதம் பம்பாயில் காத்திருக்க நேர்ந்தது. அங்கே நண்பர் ஒருவர் வழியாகக் காந்தியைச் சந்தித்தார். பேக்கர் போட்டிருந்த செருப்பு கழிவுத் துணியில் தாமே தைத்தது. காந்தியின் கண் அதில் விழுந்தது. அங்கிருந்து பேச்சு வளர்ந்தது. ஒரு நல்ல கிராமத்து வீடு, கட்டப்படும் இடத்திலிருந்து ஐந்து மைலுக்குள் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே கட்டப்பட வேண்டும் என்பது காந்தியின் எண்ணம். பேக்கர் இதைப் பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவருக்கு வழி தெரிந்துவிடவில்லை. அந்தச் சொல் கைக்கு வந்து சேர இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின.

1945இல் தொழுநோயாளர் பணிக்கான அமைப்பு ஒன்றின் ஊழியராக இந்தியாவுக்கு வந்தார். பழைய தொழுநோய் விடுதிகளை மருத்துவமனைகளாக மாற்றிக் கட்டுவது வேலை. கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் எலிசபெத் ஜேக்கபை 1948இல் மணந்தார். இருவரும் இமயமலைப் பக்கம், இன்றைய உத்தராகண்டின் பித்தோராகட்டுக்குப் போனார்கள். வந்திருப்பவர் டாக்டரம்மா என்று தெரிந்ததும் மலைக் கிராமத்து மக்கள் நோயாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று போனவர்கள் அங்கேயே பதினாறு ஆண்டுகள் தங்கினார்கள். மனைவி வைத்தியம் பார்த்தார். கணவர் மருத்துவமனையும் வீடும் பள்ளியும் கட்டினார். இடையிடையே மருத்துவ உதவியாளராகவும் இருந்தார்.

இந்தப் பித்தோராகட் ஆண்டுகளில் நான் சற்று நிற்க விரும்புகிறேன். புகழ்பெற்றவர்களின் வாழ்க்கை வரலாறுகள் இப்படிப்பட்ட ஆண்டுகளை ஒரு பத்தியில் தாண்டிவிடும். பேக்கர் தம் கட்டடப் பாடநூல்களோடு வந்தவர். அந்த நூல்களில் இருந்தது பர்மிங்காமின் செங்கல், இரும்பு, கண்ணாடி. கண்முன்னே கிடந்ததோ பாறை, சேறு, சாணி, காட்டு மரம். அவற்றைக் கொண்டு எதுவும் செய்ய அவருக்குத் தெரியவில்லை. பட்டம் பெற்ற கட்டடக் கலைஞர், எழுத்தறியாத மலைவாசி தன் வீட்டுச் சுவரை எழுப்புவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியிருந்தது. ஏன் இந்தக் கூரை இந்தச் சரிவில் இருக்கிறது, ஏன் சன்னல் இவ்வளவு சிறியது, ஏன் வாசல் இந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒவ்வொன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஊரார் கட்டும் முறையில் இருக்கும் ஒவ்வொன்றும், முன்பு யாரோ வேறுவிதமாகக் கட்டி, அது பனியிலோ நிலநடுக்கத்திலோ சரிந்து, அதிலிருந்து அறிந்துகொண்டது என்பது அவருக்குப் புரிந்தது. ஒரு மனிதன் தன் ஆயுளில் செய்யக்கூடிய தவறுகள் கொஞ்சம். ஊர் செய்த தவறுகளின் பலன் நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது. கேட்டு வாங்கிக்கொள்ளும் பணிவுதான் தேவைப்படுகிறது.

1963இல் மலையிலிருந்து கேரளத்துக்கு வந்து வாகமண்ணில் சில ஆண்டுகள் இருந்தார்கள். அதன்பிறகு திருவனந்தபுரம். 1970ஆம் ஆண்டை ஒட்டி அவர் அங்கே முழுநேரக் கட்டடக் கலைஞராகும்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. நாம் இன்று லாரி பேக்கர் என்று எதை நினைக்கிறோமோ அது அதற்குப் பிறகு நடந்தது. வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகம், லயோலா பள்ளியின் சிற்றாலயம், மீனவர்களுக்கும் ஏழைகளுக்குமான வீடுகள், நடுத்தரக் குடும்பங்களுக்கான எண்ணற்ற வீடுகள் எல்லாமே அந்த வயதுக்குப் பிறகு எழுந்தவை.

இனி அவர் கட்டிய விதத்துக்கு வருகிறேன். பேக்கர் வரைபடத்தை முடித்துக் கொடுத்துவிட்டு ஒதுங்குகிறவர் அல்லர். பழைய கடித உறையின் பின்புறத்தில் கோடு போட்டுக்கொண்டு மனையில் நின்றிருப்பார். கொத்தனாரோடு பேசி, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, எந்த மரத்தை வெட்டாமல் சுவரை வளைக்கலாம் என்று பார்த்துப் பார்த்துக் கட்டுவார். சரியில்லை என்றால் அந்த இடத்திலேயே மாற்றுவார். இப்படி மாற்ற முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு: மாற்றுவதற்கு ஆகும் செலவை அவர் முதலிலேயே குறைத்து வைத்திருந்தார்.

ராட் டிராப் கட்டு என்று நம் மேஸ்திரிகள் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான ஒன்பது அங்குலச் சுவரில் செங்கல் படுத்திருக்கும். இதில் செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, இரண்டு வரிசைக்கு நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவார்கள். அதே ஒன்பது அங்குலச் சுவர், அதே உறுதி. செங்கல் கால்பங்கு மிச்சம். நடுவில் இருக்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கும். பூச்சு வேலை கிடையாது. மொட்டைமாடித் தளத்தைப் பாருங்கள். கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. தளத்தின் கீழ்ப்பாதியில் இழுவையைக் கம்பிதான் தாங்குகிறது. அங்கே கம்பியைச் சுற்றியுள்ள கான்கிரீட்டைத் தவிர மற்றது வெறும் சுமை. அந்த இடத்தில் உடைந்த மங்களூர் ஓட்டை வைத்துவிட்டால் சிமெண்டும் மிச்சம், எடையும் குறைவு. சன்னலுக்கு மரச்சட்டமும் கம்பியும் கண்ணாடியும் போடுவதற்குப் பதிலாகச் சுவரிலேயே செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி ஜாலி அமைத்தால் காற்றும் வெளிச்சமும் வரும், செலவு பெரிதும் இறங்கும்.

இவற்றைச் சிக்கனம் என்று மட்டும் சொல்லி விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் வேறொன்று பெரிதாகத் தெரிகிறது. மண் சாந்திலோ சுண்ணாம்புச் சாந்திலோ கட்டிய செங்கல் சுவரைப் பிரித்தால் செங்கல் முழுசாகத் திரும்பக் கிடைக்கும். மறுநாள் அதையே வேறு இடத்தில் அடுக்கலாம். சிமெண்ட் பூசி முடித்த கான்கிரீட் சுவரை இடித்தால் மிஞ்சுவது குப்பை. முதல் சுவரில் தவறுவது ஒரு நாள் கூலியோடு போய்விடும். இரண்டாவது சுவரில் தவறக் கூடாது. அதனால்தான் கான்கிரீட் கட்டடங்கள் எல்லாம் ஒரே அச்சில் இருக்கின்றன. தவறினால் பெரிய நட்டம் என்ற இடத்தில் யாரும் புதிதாக எதையும் செய்து பார்ப்பதில்லை. முன்னே சென்றவர் செய்ததையே செய்வார்கள். பேக்கரிடம் பயின்ற கொத்தனார்களும் இளம் கட்டடக் கலைஞர்களும் துணிந்து புதிய வளைவுகளைக் கட்டினார்கள் என்றால், அவர்கள் பிறவியிலேயே துணிச்சல்காரர்கள் என்பதால் அன்று. துணிவதற்கு ஏற்ற சாந்து அவர்கள் கையில் இருந்தது.

நம் பிள்ளைகளின் கல்வியை நாம் எந்தச் சாந்தில் கட்டிக்கொண்டிருக்கிறோம்? பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு தேர்வு, ஒரு கலந்தாய்வு. அதில் எடுக்கும் துறை நான்கு ஆண்டுக்கு. இரண்டாம் ஆண்டில் 'இது எனக்கு ஒத்துவரவில்லை' என்று ஒரு பையன் உணர்ந்தால் அவனுக்கு என்ன வழி இருக்கிறது? கட்டிய பணம் போனது போனதுதான். முதல் தலைமுறைப் பட்டதாரி என்ற சலுகையில் சேர்ந்திருந்தால், குடும்பத்தின் ஒரே வாய்ப்பை வீணாக்கியவன் என்ற பழி கூடவே வரும். நடுவில் விலகும் மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு தெளிவாக அறிவித்திருக்கிறது. ஆனாலும் அந்த விதியைத் தெரிந்துகொண்டு அலுவலக வாசலில் நின்று கேட்கும் தைரியம் எத்தனை பெற்றோருக்கு இருக்கும்? வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஓராண்டு படிப்பை நிறுத்தினால் அதற்கு இப்போது நல்ல பெயர் கிடைத்திருக்கிறது. தன்னைத் தேடுகிறான் என்கிறார்கள். கூலி வேலை செய்பவர் வீட்டுப் பிள்ளை அதையே செய்தால் உருப்படாதவன். இருவரும் செய்தது ஒன்றுதான்.

பேக்கர் நீண்ட வழி சுற்றி வந்தவர் என்றேனே, அந்தச் செலவையும் யாரோ கட்டியிருக்கிறார்கள். போர்க்காலத்தில் குவேக்கர் சபை கட்டியது. பிறகு தொழுநோய்ப் பணி அமைப்பு. பிறகு மலையில் இரவும் பகலும் நோயாளிகளைப் பார்த்த எலிசபெத். அந்த அம்மையார் இல்லாமல் பித்தோராகட் இல்லை. பித்தோராகட் இல்லாமல் திருவனந்தபுரம் இல்லை. வழி கண்டவரின் பெயர் மட்டும் வரலாற்றில் நிற்கிறது. வழி தேடும் காலத்தில் சோறு போட்டவர்களின் பெயரையும் சேர்த்துச் சொல்லும் பழக்கம் நமக்கு வர வேண்டும்.

அப்படிச் சோறு போட்டவர் ஒருவர் நம் மண்ணிலும் இருந்தார். கும்பகோணத்தில் டவுன் ஹைஸ்கூலில் சிறப்பாகத் தேறி, அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த ஒரு பையன் இருந்தான். கணக்கைத் தவிர வேறெதிலும் அவனுக்கு மனம் செல்லவில்லை. ஆங்கிலக் கட்டுரையில் தோற்றான். விதிப்படி உதவித்தொகை நின்றது. வீட்டைவிட்டு விசாகப்பட்டினம் வரை ஓடினான். பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரி; அங்கேயும் எஃப்.ஏ. என்னும் கல்லூரித் தேர்வில் தோல்வி. 1909இல் திருமணம் வேறு ஆகிவிட்டது. பட்டம் இல்லை, வேலை இல்லை, கையில் இருந்தது கணக்கு எழுதிய நோட்டுப் புத்தகங்கள் மட்டும். சீனிவாச ராமானுஜன் என்ற பெயரை நீங்கள் முன்பே ஊகித்திருப்பீர்கள்.

அந்த நோட்டுகளோடு அவர் பலர் வீட்டுப் படி ஏறினார். திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த வி. ராமசாமி ஐயரைப் பார்த்தார். இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர்தான். அங்கிருந்து ஒருவர் சொல்லி இன்னொருவரிடம் போய், கடைசியில் நெல்லூர் ஆட்சியர் ஆர். ராமச்சந்திர ராவிடம் வந்து சேர்ந்தார். ராவுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. ஒருமுறை பார்த்துவிட்டுத் துரத்திவிடாமல் மறுபடியும் மறுபடியும் வரச் சொன்னார். நோட்டில் உள்ளதை விளங்கிக்கொள்ள முயன்றார். நம்பிக்கை வந்தபோது உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். உயிர் வாழச் சிறு தொகை கிடைத்தால் போதும், ஆராய்ச்சியைத் தொடருவேன் என்பதுதான் பதில். ராவ் தம் சொந்தப் பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்தார். சென்னையில் தங்கி வேலையைத் தொடரச் சொன்னார்.

அந்த 25 ரூபாய்க்கு என்ன நிபந்தனை? தேர்வு எழுது என்று சொல்லவில்லை. மதிப்பெண் காட்டு என்று கேட்கவில்லை. அந்தப் பணத்தில் சாப்பிட்டுக்கொண்டு ராமானுஜன் 1911இல் தம் முதல் கட்டுரையைக் கணிதச் சங்கத்தின் இதழில் வெளியிட்டார். 1912 மார்ச் முதல் தேதி சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராகச் சேர்ந்தார். 1913 சனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை தந்தது. பட்டம் இல்லாதவருக்கு, வழக்கத்தை மீறித் தந்தது. கும்பகோணத்தில் ஒரு விதி அவரை வெளியே தள்ளியது. சென்னையில் சிலர் விதியை வளைத்து உள்ளே கொண்டுவந்தார்கள். ராமானுஜனின் மேதைமையை யாரும் உண்டாக்கியிருக்க முடியாது. ஆனால் அந்த 25 ரூபாயை யார் வேண்டுமானாலும் கொடுத்திருக்கலாம். கொடுத்தவர் ஒருவர்தான்.

எல்லாப் பிள்ளையும் ராமானுஜன் ஆகுமா என்று நீங்கள் கேட்கலாம். ஆக வேண்டியதில்லை. நல்ல கொத்தனாராக, நல்ல செவிலியாக, நல்ல வேதியியல் ஆசிரியராக ஆனால் போதும். அதற்கும் சிலருக்கு இரண்டாவது முறை தேவைப்படுகிறது; சிலருக்கு மூன்றாவது. மெக்கானிகலில் சேர்ந்து பாதியில் விட்டவர், சமையலில் தேர்ந்து ஊருக்கே சோறு போடுவதைப் பார்க்கிறோம். பாலிடெக்னிக் டிப்ளமா முடித்துச் சில ஆண்டு வேலை பார்த்த பிறகு நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரும் மாணவர்களுக்கு நான் பாடம் நடத்தியிருக்கிறேன். வகுப்பில் அவர்கள் கேட்கும் கேள்விகள் தனியாகத் தெரியும். சைட்டில் தூக்குக்குண்டு பிடித்தவர்களுக்குச் சுவர் ஏன் சாய்கிறது என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அந்தச் சுற்றுவழி அவர்களுக்குக் குறை வைக்கவில்லை.

மாணவர்களிடம் ஒரு சொல். தவறு தானாகப் பாடம் சொல்லாது. இமயமலையில் தம் நூல்கள் பயன்படவில்லை என்று கண்டபோது பேக்கர் நூலைக் குறை சொல்லவில்லை, மலையையும் குறை சொல்லவில்லை. பக்கத்து வீட்டுச் சுவரைப் போய்ப் பார்த்தார். ஒரு வேலை உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால், அதில் எது ஒத்துவரவில்லை என்று கண்டுபிடிக்கும் வரை அங்கே இருங்கள். வேலையா, வேலை வாங்குகிறவரா, ஊரா, தனிமையா? அதைத் தெரிந்துகொள்ளாமல் விலகினால் அடுத்த இடத்திலும் அதுவே காத்திருக்கும். தெரிந்துகொண்ட பிறகு ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். இதுவரை கற்றதைத் தூக்கியெறிந்துவிட்டுப் போக வேண்டாம். மயக்க மருந்து கொடுத்த கை, தொழுநோயாளி எப்படி நடப்பார், எங்கே உட்காருவார் என்று பார்த்த கண், இவற்றோடுதான் பேக்கர் பின்னாளில் வீடு கட்டினார். அவர் வீடுகளில் சுவரோடு சேர்ந்த இருக்கைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

பெற்றோரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை வந்து 'இது எனக்கு முடியவில்லை' என்று சொல்லும் அன்றைக்கு இரவு, எவ்வளவு பணம் போயிற்று என்ற கணக்கை எடுக்காதீர்கள். அந்தக் கணக்கு பிள்ளைக்குத் தெரியும். பல இரவுகளாக அதைப் போட்டுப் பார்த்த பிறகுதான் வாயைத் திறந்திருக்கிறது.

கடைசியாக, இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரிடமும் கல்லூரி நிர்வாகத்திடமும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் முதல் மதிப்பெண் பெறும் மாணவருக்கு இந்த அறக்கட்டளை பரிசு தருவதை அறிவேன். அது தொடரட்டும். அதோடு இன்னொன்றையும் சேர்க்கலாம். ஒரு பாடத்திலோ ஓராண்டிலோ தோற்றதால் உதவித்தொகையை இழந்த மாணவர், துறை மாற விரும்பியும் பணத்துக்கு அஞ்சித் தொடர்கிறவர், இடையில் நின்று வேலைக்குப் போய் மறுபடி படிக்க வர நினைப்பவர், இப்படிப்பட்ட ஒருவருக்கு ஓராண்டுச் சாப்பாட்டுக்கும் கட்டணத்துக்கும் ஆகும் தொகையைக் கொடுங்கள். மதிப்பெண் பட்டியல் கேட்காதீர்கள். இரண்டு மூன்று ஆசிரியர்கள் அவரோடு உட்கார்ந்து பேசட்டும். இதுவரை என்ன செய்து பார்த்தாய், எங்கே தவறியது, அதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய், அடுத்து எதைச் செய்து பார்க்கப் போகிறாய் என்று கேட்கட்டும். முதல் சந்திப்பில் நம்பிக்கை வராவிட்டால், ராமச்சந்திர ராவ் செய்ததுபோல மறுபடியும் வரச் சொல்லட்டும். ஆண்டு முடிவில் அந்த முயற்சியும் பலிக்கவில்லை என்றால் பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டாம். வெற்றி பெற்றால்தான் பணம் என்று நிபந்தனை வைத்தால் அவர் மறுபடியும் பாதுகாப்பான வழியைத்தான் தேர்ந்தெடுப்பார். நாம் கொடுத்ததன் நோக்கமே போய்விடும்.

இந்தச் சொற்பொழிவுக்கென எனக்கு அளிக்கும் மதிப்பூதியத்தை அந்த நிதியின் முதல் தொகையாக வைத்துக்கொள்ளும்படி செயலாளரிடம் காலையிலேயே சொல்லியிருக்கிறேன். விண்ணப்பிக்க விரும்பும் மாணவர்கள் பெயரை வெளியே சொல்லாமல் நேரடியாக முதல்வரைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். வருகிற கல்வியாண்டு தொடங்கும் முன்பே அது நடக்கட்டும்.